பாதி எட்டு

ஐம்பத்தோரு வயதில் ஒன்று இரண்டு மூன்று கற்றுக்கொள்ள உட்கார்ந்தவள் நான். உட்கார இடம் கிடைத்த நாட்களில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரப்பாக்கத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்தால் வண்டலூர், பெருங்களத்தூர், அடுத்தது தாம்பரம். மொத்தமே கால் மணி நேரம். அதில் பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் போனில் முந்தின நாள் சீரியலைப் பார்ப்பார்கள். நான் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு இந்தோனேசிய மொழியில் எண்ணிக்கொண்டிருப்பேன். சாத்து, துவா, தீகா, எம்பத், லீமா.

தாம்பரத்தில் வீட்டுவேலைக்குப் போகும் பெண் ஒருத்தி தினமும் என் எதிரில் உட்காருவாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள். "இன்னாக்கா, தெனிக்கும் வாய்க்குள்ளயே இன்னாத்தையோ சொல்லிகினு வர்றே? பரீட்சையா?"

"ஆமாம்மா, பரீட்சைதான்."

"இந்த வயசுல பரீட்சையா? பேஜாரா கீதே" என்று எனக்காக உச்சுக் கொட்டினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பேஜாராகத்தான் இருந்தது.

எனக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். ஒவ்வொரு குழாயின் மேலும் வயது, தேதி, நேரம், வரிசை எண் எழுதி ஒட்ட வேண்டும். மூன்று மணிக்கு வெளியே வரும்போது கண்ணை மூடினாலும் எண்கள் ஓடும். வீட்டுக்குப் போனால் தண்ணீர் லாரி வந்ததா, மோட்டார் போட்டார்களா என்ற கவலை. இத்தனைக்கும் நடுவில் ஒரு புது மொழியில் எண் படிப்பதற்கு ஒருத்திக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், அல்லது மகள் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினோரு வயதில் அவள் அத்தா, என் கணவர், இறந்துபோய்விட்டார். அதன் பிறகு அவளைத் தனியாக வளர்த்தேன் என்று நான் யாரிடமும் பெருமை பேசியதில்லை. மனதுக்குள் நிறையப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கல்லூரியில் அவள் மேல்படிப்பு படித்தாள். அங்கே இந்தோனேசியாவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் மத்தியானம், நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வந்து சொன்னாள். "நிக்காஹ் பண்ணிக்கப் போறோம்மா. அவரும் நம்ம ஆளுதாம்மா, அஞ்சு வேளையும் தொழறவரு."

பண்ணிக்கலாமா என்று கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பேன். பண்ணிக்கப் போறோம் என்றாள். அந்த ஒரு சொல்லில் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். கடைசியில், "போறவ போ. எனக்குப் போன் மட்டும் பண்ணாதே" என்றேன். கோபத்தில் யாரும் சொல்வதுதான். மற்ற வீட்டுப் பெண்களாக இருந்தால் மறுநாளே போன் பண்ணியிருப்பார்கள். இவள் என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே, சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

நிக்காஹ் அங்கே செமாராங் என்கிற ஊரில் நடந்தது. என் கணவரின் அண்ணன் போய் முன்னால் நின்று முடித்துவைத்தார். திரும்பி வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பையனைப் பற்றி யாரும் என் முன்னால் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றேன். வீட்டில் அது சட்டமாகிவிட்டது. பன்னிரண்டு மாதம் அப்படியே ஓடியது. இரவில் படுத்தால் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். அது அடிக்காது. நானும் அடிக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஸலாம் சொன்னது புரிந்தது. அப்புறம் கடகடவென்று ஏதோ ஒரு பாஷை. நடுவில் என் மகளின் பெயர் இரண்டு தடவை வந்தது. கை ஈரத்தோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே ஒரு படம் வந்தது. கொடியில் துணி காயப்போட்டபடி என் மகள் பக்கவாட்டில் நிற்கிறாள். வயிறு தெரிந்தது. படத்துக்குக் கீழே, லீமா புலான் என்று எழுதியிருந்தது. போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டேன். ஐந்து மாதம் என்றது.

இப்படித்தான் என் சம்பந்தியம்மா எனக்கு அறிமுகமானார். மருமகளுக்குத் தெரியாமல், அவள் போனிலிருந்து என் எண்ணை எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் அம்மா வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். முகம் பார்க்காத ஒருத்தி எனக்கு இதைச் சொல்லித் தரும்படி ஆகிவிட்டதே என்றிருந்தது.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் லேபுக்கு வேண்டிய அளவுதான். ஆப் எதையாவது உளறும். ஒருமுறை என் மகள் மீன் சாப்பிடவில்லை என்பதற்கு மீன் அவளை வெறுக்கிறது என்று மொழிபெயர்த்தது. எண்ணிலும் தேதியிலும் மட்டும் ஏமாற்ற வழியில்லை என்று எனக்குப் பட்டது. எத்தனை மாதம், எத்தனை கிலோ, எந்தத் தேதி டாக்டரிடம் போகிறார்கள், எத்தனை மணிக்கு. ஒரு அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி எண்தான். அதனால் அதை மட்டும் கற்றுக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். யூட்யூபில் ஒரு பெண் சொல்லிக்கொடுப்பாள். நான் லேபில் மிஞ்சிய ஸ்டிக்கர் தாள்களின் பின்பக்கம் தமிழில் எழுதிவைத்துப் படிப்பேன்.

சாத்து ஒன்று. துவா இரண்டு. துவா என்றால் எங்கள் வீட்டில் கையேந்திக் கேட்பது. அதை எண்ணாக நினைக்க மனசு வர ஒரு வாரம் பிடித்தது. எம்பத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். சம்பந்தியம்மா தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது, தனக்குப் பிள்ளைகள் எம்பத் என்றார். என் காதில் எம்பது என்று விழுந்தது. கடவுளே, எந்தக் குடும்பத்தில் கொண்டுபோய் விழுந்தாள் இந்தப் பெண் என்று ஒரு நொடி நிஜமாகவே பதறினேன். நாலு பேர்தான். எண்பதை எம்பது என்று சொல்லிப் பழகிய நாக்கைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பயம் வந்திருக்காது. அன்றைக்கு ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்த பெண், "பாஸாயிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

தேதிக்குத் தங்கல் என்று பெயர். எங்கள் ரயில் பாதையிலேயே பழவந்தாங்கல் இருப்பதால் அது உடனே ஒட்டிக்கொண்டது. தங்கல் முன்னால், எண் பின்னால். தங்கல் லீமா என்றால் ஐந்தாம் தேதி. கிழமைகளில் பாதி எனக்கு முன்பே தெரியும். ரபு, காமிஸ், ஜுமாத் எல்லாம் சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய அரபியின் சொந்தங்கள். புலான் என்றால் நிலாவும் அதுதான், மாதமும் அதுதான். நாமும்தான் திங்கள் என்று இரண்டையும் சொல்கிறோம். பத்துக்கு மேலே போனால் பெலாஸ், இருபதுக்கு மேலே புலூ. ஒன்பது புலூ என்றால் தொண்ணூறு. நம் தொண்ணூறு மாதிரி எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்காது. சுலபமான மொழி என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எனக்குக் கேடாக வந்தது.

ஆறாம் மாதம் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சம்பந்தியம்மா குரல் பதிவில் சொன்னார். செபுலூ கோமா துவா. பத்து, கமா, இரண்டு. புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் கமா வைக்கிறார்கள். பத்துப் புள்ளி இரண்டு ஹீமோகுளோபின். குறைச்சல். இருபது வருடமாக இந்த எண்ணைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முருங்கைக்கீரைப் படத்தை எடுத்து அனுப்பி, பக்கத்தில் வாரத்துக்குத் தீகா, மூன்று, என்று எழுதினேன். அந்த ஊரிலும் முருங்கை இருக்கிறதாம், வேலியில் வளர்கிறதாம். அடுத்த மாதம் செபெலாஸ் கோமா சாத்து என்று வந்தது. பதினொன்று புள்ளி ஒன்று. மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவள் உடம்பில் ரத்தம் ஏற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கீரையை யார் சொல்லிச் சமைத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று ஒரு பக்கம் ஏக்கமாகவும் இருந்தது.

ஏழாம் மாதம் அவர்களும் ஒரு சடங்கு செய்கிறார்கள். நம் பக்கம் ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதை நம்மில் யாரும் யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே பெண்ணைப் பூவெல்லாம் கட்டி உட்காரவைத்து, பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். படம் வந்தது. நான் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு அத்தை கையில் சொம்போடு நின்றார். என் மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்காக மூடினாளா, வேறெதற்காவதா என்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்கே போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. எட்டு மணி நேரம் நின்ற கால் வலித்தது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.

ஒன்பதாம் மாதத்தில் குழந்தை தலை திரும்பவில்லை, ஆபரேஷன்தான் என்று முடிவாயிற்று. சம்பந்தியம்மா எழுத்தில் அனுப்பினார். அவர் எழுதும்போது எழுத்துகளைத் தின்றுவிடுவார், நம் பிள்ளைகள் மெசேஜ் அனுப்புகிற மாதிரி. தங்கல் பத்தொன்பது, ஜாம் என்று போட்டு, எஸ், டி, ஜி, எச் என்று நான்கு எழுத்து, பக்கத்தில் எட்டு, அப்புறம் பாகி. பாகி என்றால் காலை. ஜாம் என்றால் மணி. ஆப்பில் போட்டால் அந்த நான்கு எழுத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தது, அதற்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. செதெங்கா. பாதி, அரை. முந்தின வாரம்தான் அரைக் கிலோ, அரை டம்ளர் என்று அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். ஆப்புக்கே தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. அரை, எட்டு. எட்டரை.

தேதியை மூன்று தடவை சரிபார்த்தேன். என்ன கிழமை என்று திருப்பிக் கேட்டேன். ரபு என்றார். காலண்டரில் பார்த்தேன், புதன்தான். நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே எட்டரை என்றால் இங்கே ஏழு. அடுத்த குரல் பதிவில் சம்பந்தியம்மா மெதுவாக, எனக்கும் ஆப்புக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உள்ளே போவதற்கு முன்னால் மகளிடம் போனைக் கொடுக்கிறேன், நீங்கள் கூப்பிடுங்கள் என்றார். மகளிடம் சொல்லிவிட்டாராம். அவள் சரி என்றாளாம். நான் கூப்பிடுகிறேன் என்று பதில் எழுதினேன். எத்தனை மணிக்குக் கூப்பிடுவேன் என்று எழுதவில்லை.

முந்தின நாளே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கிடைத்தால் ஏன் போனாய், ஏன் கேட்கவில்லை என்று ஆரம்பித்துவிடுவேன். இருபது நிமிடம் என்றால் சண்டை போட நேரம் இருக்காது. பயப்படாதே, நான் இருக்கிறேன், துவா செய்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே கூட்டிப்போய்விடுவார்கள். அதுவே போதும் என்று கணக்குப் போட்டேன். ஆறு நாற்பதுக்குக் கூப்பிட்டால் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அந்தப் புதன்கிழமை லேபில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு, போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டேன். பழைய போன், பேட்டரி நிற்காது. பேசும்போது நடுவில் செத்துவிடக்கூடாது என்று இன்டர்நெட்டையும் அணைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட்டேன். குளித்தேன். தலை வாரினேன். பதினாறு மாதம் ஆகிவிட்டதே, வீடியோவில் பார்த்தால் அம்மா கிழவியாகிவிட்டாள் என்று நினைக்கக்கூடாது என்று நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன். அப்புறம் உட்கார்ந்து அவளுக்காகக் குர்ஆனில் யாஸீன் ஓதினேன். மனசு அவ்வளவு நிதானமாக இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஆறு நாற்பதுக்கு இன்டர்நெட்டைப் போட்டேன். டக் டக் என்று மூன்று தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. முதல் இரண்டும் சம்பந்தியம்மா. மூன்றாவது என் மகளின் எண். ஐந்து ஐம்பத்தாறுக்கு. பதினாறு மாதத்தில் முதல் தடவையாக என் மகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அப்போது வந்தது சிரிப்பு. பார், அவளே இறங்கி வந்துவிட்டாள், அவளுக்கும் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அவள் எண்ணுக்கே திருப்பி அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கு அடித்தேன்.

வீடியோவில் ஒரு நீளமான நடை தெரிந்தது, ஒரு வரிசை நாற்காலி, அப்புறம் அவர் முகம். கண் சிவந்திருந்தது. ஸுதா, ஸுதா என்றார். எனக்கு அது எண்ணுமில்லை, தேதியுமில்லை, புரியவில்லை. போனை அவளிடம் கொடுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுபடி ஸுதா என்றார். நான் விடவில்லை. என் நேரம் இன்னும் மீதி இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரியுமே. "செதெங்கா தெலாபான், செதெங்கா தெலாபான்" என்றேன். அரை, எட்டு. அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். "யா, செதெங்கா தெலாபான்." போனைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். எட்டுப் பத்து. சரிதானே, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்று நான் இங்கிருந்து கத்துகிறேன், தமிழில். மடியில் அவர் ஒரு கைப்பை வைத்திருந்தார். அதற்கு மேலே என் மகளின் மூக்குக் கண்ணாடியும் அவளுடைய போனும் இருந்தன.

அப்போது ஒரு ஆண் குரல் கேட்டது. போன் கை மாறியது. மெலிந்த முகம், சின்னதாக மீசை, தூங்காத கண்கள். அதுவரை நான் பார்க்க மாட்டேன் என்று வைத்திருந்த முகம்.

"அம்மா, பதறாதீங்கோம்மா. அவ உள்ள போய்ட்டாம்மா. ஏழரைக்கே இட்டுகினு போய்ட்டாங்கோ."

ஏழரை என்று சுத்தமாகச் சொன்னார். சொன்னது தமிழ் என்பதே எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. நம் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிறவர் பேசுகிற மாதிரித் தமிழ்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா தம்பி?"

"ரெண்டு வர்சம் ஆஸ்டல்ல இருந்தேனேம்மா. மெஸ் அண்ணா சொல்லிக் குட்த்தாரு." பிறகு தானே புரிந்துகொண்டு கேட்டார். "எட்டரைன்னு நெனச்சிகினீங்களாம்மா? எங்க ஊர்ல பாதி எட்டுன்னா ஏழரைம்மா."

நமக்கு முடிந்த மணியோடு அரை சேரும். அவர்களுக்கு வரப்போகிற மணியில் பாதி போனாலே அரை. அவ்வளவுதான் விஷயம். ஸுதா என்றால் ஆகிவிட்டது என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. யூட்யூபில் அந்தப் பெண் நடத்திய அடுத்த பாடமே அதுதானாம், பிற்பாடு பார்த்தேன். நான் அதுவரை போகவில்லை. எண் தெரியும், தேதி தெரியும், அரையும் தெரியும், இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நிறுத்திவிட்டேன்.

"வெய்ட் பண்ணிகினே இருந்தாம்மா" என்றார் என் மருமகன். "ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. அஞ்சு நிமிட்டு, எங்கம்மா கூப்பிடுவாங்கோன்னு நர்ஸுகிட்ட கேட்டா. அப்பால அவளே கூப்ட்டா. நீங்கோ எடுக்கல. கதவு வரிக்கும் போன கையில வச்சிகினு போனாம்மா. அங்கதான் நான் வாங்கிகினேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னார். அவள் என்னைக் கூப்பிட்ட ஐந்து ஐம்பத்தாறுக்கு நான் அவளுக்காகத்தான் ஓதிக்கொண்டிருந்தேன். அதை யாரிடம் சொல்வது? இன்டர்நெட்டை அணைத்து வைத்தது என் கை. நாலு மாதம் ரயிலில் வாய் வலிக்க எண்ணினேனே, அந்த நாலு மாதமும் செமாராங்கில் தமிழ் தெரிந்த ஒருவர் அதே வீட்டில் இருந்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு எத்தனை மணிக்குத் தம்பி என்று கேட்டிருந்தால் ஏழரை என்று சொல்லியிருப்பார். அவரோடு பேச மாட்டேன் என்பதற்காக நான் ஒரு பாஷையையே கற்றுக்கொள்ளப் போயிருக்கிறேன். இதைவிடக் கேவலமான பிடிவாதம் யாருக்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

"தம்பி, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அய்யோ, அதெல்லாம் இன்னாத்துக்கும்மா" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினார். நானும் சம்பந்தியம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கையேந்திக்கொண்டார். நானும் கையேந்தினேன். சற்று நேரத்தில் கதவு திறந்தது. பெண் குழந்தை, தீகா கோமா சாத்து, மூன்று புள்ளி ஒன்று கிலோ என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு லேபுக்குப் போனேன். அரை நாள்தானே லீவு. வெயில் கொளுத்தியது. குழாய்களை வரிசையாக அடுக்கி ஸ்டிக்கர் ஒட்டினேன். நல்ல புடவையைப் பார்த்துவிட்டு விசேஷமா என்று கேட்டார்கள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றேன். கைகொடுத்தார்கள், ஸ்வீட் எங்கே என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயாவது ஒரு மூலையில் தரையில் படுத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. உடம்பு முழுக்க அப்படி ஒரு அசதியை அவள் அத்தா போன அன்றைக்குப் பிறகு நான் கண்டதில்லை.

மூன்றே காலுக்குத் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றபோது போன் அடித்தது. அவள் எண். காதில் வைத்தேன். செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"அம்மா" என்றாள். மயக்கம் முழுசாகத் தெளியாத குரல். அந்தக் குரலுக்காக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் வரவில்லை.

"நேரம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்டி. எட்டரைன்னு நெனச்சுட்டேன். வேணும்னு இல்லடி."

"தெரியும்மா. அவரு சொன்னாரு."

"வலிக்குதா?"

"கொஞ்சம்." பிறகு ஒரு மூச்சு. "நீ லைன்ல வர மாட்டேன்னு நெனச்சேம்மா. கதவு மூடினப்போ அதான் நெனச்சேன். அப்புறம் ஊசி போட்டுட்டாங்க."

வண்டி கிளம்பிப் போனது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். குழந்தை யார் மாதிரி என்று கேட்டேன். மூக்கு உன் மூக்கு என்றாள். பால் குடிக்கிறதா என்று கேட்டேன். குடிக்கிறது என்றாள். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. லேபில் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு நான் கேட்டதே இல்லை. இதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"நான் வரேன்டி. உன்கிட்ட வரேன்."

"சரிம்மா" என்றாள்.

எந்தத் தேதிக்கு என்று கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை.